அப்பாவின் வேட்டி ஏன் நனைகிறது?

ஒரு மகன் அனுப்பிய கேள்வி இது. நீளமாக இருந்ததால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 66 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதமாகக் கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நனைந்துவிடும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், "வயசானா எல்லாருக்கும் இருக்கறதுதான், விடுடா" என்கிறார். தை மாதம் அத்தை மகளுக்குக் கல்யாணம், ஆறு மணி நேரப் பயணம். தாய்மாமனான அப்பாவே "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்கிறாராம். இடுப்புத் தசைப் பயிற்சி செய்தால் போதுமா, மாத்திரை உண்டா, பேசாமல் டயப்பர் வாங்கிவிடலாமா என்பது மகனின் கேள்வி.

நான் யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்கள்) வார்டில் 24 வருடம் செவிலியராக இருந்தவன். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சிறுநீர் வெளியேற டியூப் மாட்ட வந்த என்னிடம் ஆண்கள் மெதுவாகச் சொன்னவை ஏராளம். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

டயப்பர் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. ஒழுகுவது ஒன்றுதான், அதற்குக் காரணம் நாலைந்து. ஒன்றுக்குக் கொடுக்கிற மாத்திரை இன்னொன்றை மோசமாக்கும். எது என்று தெரியாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பெரியவர் காரணம்.

விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், எழுபதை நெருங்கியவர். "மாமாவுக்கு எந்நேரமும் சொட்டிக்கிட்டே இருக்கு சார்" என்று மருமகன் கூட்டிவந்தார். அதற்கு முன்னால் ஒரு மருந்துக்கடையில் சொல்லி, அடிக்கடி சிறுநீர் வராமல் தடுக்கிற மாத்திரையை வாங்கி மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். சொட்டுவது நிற்கவில்லை, கூடிப்போயிற்று. கால் வீங்கியது, சோறு இறங்கவில்லை. படுக்க வைத்து வேட்டியைத் தளர்த்திப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே தேங்காயைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு மேடு. டியூப் போட்டதும் பையில் இறங்க ஆரம்பித்தது. 500 மில்லி தாண்டியது, 1,000 தாண்டியது, 1,600ல் வந்து நின்றது. சாதாரணமாக ஒருவருடைய சிறுநீர்ப்பை 400, 500 மில்லிக்கு மேல் சுகமாகத் தாங்காது. "இவ்வளவு நாளும் வலிக்கலையா ஐயா?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்ல. கொஞ்சம் கனமா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார்.

குளம் நிறைந்துவிட்டால் கலிங்கு வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும் இல்லையா, அதுதான் அவருக்கு நடந்தது. புரோஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பி, வீங்கிப் பாதையை நெரித்துவிட்டது. பை காலியாகவே இல்லை, மேலே வந்தது மட்டும் சொட்டியது. தேங்கியது பின்வாங்கிச் சிறுநீரகத்தையும் வீங்க வைத்து, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. பையைச் சுருங்க விடாமல் தளர்த்துகிற மாத்திரையை இவருக்குக் கொடுத்தால், கொஞ்சநஞ்சம் வெளியேறியதும் நின்றுபோகும். வீட்டில் எல்லோரும் பார்த்தது சொட்டுகிற வேட்டியை மட்டும்தான். அடைப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் 'அவசரக் கசிவு' மாதிரிதான் தெரிகிறது. கேட்டைத் திறந்து வீட்டுக்குள் வரும்போதோ, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலோ திடீரென்று முட்டிக்கொண்டு வரும். நாலு எட்டு வைப்பதற்குள் போய்விடும். பை முழுக்க நிறையாமலேயே அதன் சுவர்த் தசை தன்னிஷ்டத்துக்குச் சுருங்குவதால் வருவது இது. ஆண்களிடம் இதற்கு அடியில் புரோஸ்டேட் அடைப்பு ஒளிந்திருப்பது சகஜம். வருடக்கணக்கில் அடைப்பை எதிர்த்து முக்கி முக்கிப் பையின் சுவர் தடித்துப் போகும், தடித்தது எரிச்சல்படும். சர்க்கரை, பக்கவாதம், பார்கின்சன் நோய், சிறுநீர்த் தொற்று, பையில் கல் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் அவசரக் கசிவு என்று தெரிந்தாலும், உள்ளே மிச்சம் தங்குகிறதா என்று பார்க்காமல் மாத்திரை கொடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது வகை, இருமினால், தும்மினால், சிலிண்டரைத் தூக்கினால் கசிவது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது அதிகம். ஆணுக்கு வந்தால் பெரும்பாலும் புரோஸ்டேட் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்திருக்கும். அப்பாவுக்கு அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

நாலாவதைத்தான் நம் ஊரில் சொட்டு மூத்திரம் என்று சொல்லிப் பயந்துகொள்கிறார்கள். போய்விட்டு, உதறிவிட்டு, வேட்டியை இறக்கிக்கொண்டு நாலடி நடந்ததும் ஒரு ஸ்பூன் அளவுக்கு இறங்கும். முப்பது வயதுக்காரருக்கும் உண்டு. பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆணின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். விதைப்பைக்குப் பின்னால் அது வளைகிற இடத்தில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பில் வால்வை மூடிய பிறகும் வளைவில் தண்ணீர் நிற்பது போலத்தான். முடித்த பிறகு விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால் இருக்கிற இடத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்தி, அப்படியே முன்பக்கமாக வழித்துவிட்டால் தங்கியது வந்துவிடும். இரண்டு தடவை செய்தால் போதும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வருடக்கணக்கில் கறுப்பு பேன்ட் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரை எனக்குத் தெரியும்.

பையில் ஒரு குறையும் இல்லாமலேயே நனைவதும் உண்டு. மூட்டு வலியில் எழுந்திருக்கவே ஒரு நிமிடம், கழிவறை கொல்லைக் கடைசியில், வழியில் விளக்கில்லை. இப்படியிருந்தால் யாருக்குத்தான் நனையாது? அங்கே மாத்திரையை விட, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற ஒரு யூரின் கேன் பெரிய வைத்தியம்.

சரி, எது என்று கண்டுபிடிப்பது எப்படி? டாக்டரிடம் போவதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு வேலை செய்யலாம். மூன்று நாள் கணக்கு. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கழிவறையில் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதில் பிடித்து, நேரத்தையும் எத்தனை மில்லி என்பதையும் ஒரு தாளில் அப்பாவே எழுதட்டும். என்ன குடித்தார், எப்போது நனைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் வேண்டும். டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை அவருடையது, இதை உங்களைவிட நன்றாகவே எழுதுவார். எங்கள் டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தாளைத்தான் கேட்பார்.

அந்தத் தாள் என்னவெல்லாம் சொல்லும் என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லி மட்டும் வந்தால், ஒன்று பை அவசரப்படுகிறது, அல்லது மிச்சம் தங்குகிறது. ஒரு நாளின் மொத்தம் 3 லிட்டரைத் தொட்டால் சர்க்கரை அளவைப் பாருங்கள்; ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும். படுத்த பிறகு போகிற அளவும் காலையில் எழுந்ததும் போகிற முதல் அளவும் சேர்ந்து 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், ராத்திரி எழுந்திருப்பதற்குக் காரணம் பையில் இல்லை. உடம்பு ராத்திரியில் அதிகமாகச் சிறுநீரை உண்டாக்குகிறது. பகலெல்லாம் காலில் இறங்கி நிற்கிற நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வருகிறது. சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் அதுவாக இருக்கலாம். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் ராத்திரி அளவு கூடும்.

அப்பாவின் மாத்திரைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். இதை யாரும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடிகிற மாத்திரை இருந்தால், அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்து, சிறுநீர் கூடத்தான் செய்யும். பிரஷருக்கு அம்லோடிபின் என்றால் சிலருக்குக் கால் வீங்கும், மேலே சொன்ன ராத்திரிக் கதை. ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்திருந்தால் அது பையைத் தளர்த்தி மிச்சம் தங்க வைக்கலாம். எல்லாவற்றையும் விட மோசம், கடையில் கேட்டு வாங்குகிற சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கிற மருந்து புரோஸ்டேட் பக்கத்து வாயிலை இறுக்கும், கூடவே இருக்கும் ஒவ்வாமை மருந்து பையைத் தளர்த்தும். மழைக்காலத்தில் சளிக்கு மாத்திரை போட்டுவிட்டு மறுநாள் காலையில் ஒரு சொட்டுகூட வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர்களுக்கு நான் போட்ட டியூப்புக்குக் கணக்கில்லை. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர் என்றால் யூராலஜி. போர்டில் நெஃப்ராலஜி என்று இருந்தால் அது சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, டயாலிசிஸ் பக்கம். தப்பான வரிசையில் அரை நாள் நிற்கிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். யூராலஜியில் சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, கிரியாட்டினின் பார்ப்பார்கள். தேவையென்று பட்டால், புரோஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கிற பிஎஸ்ஏ என்கிற ரத்தப் பரிசோதனையும் உண்டு. அது கூடுதலாக வந்துவிட்டாலே புற்றுநோய் என்று அலற வேண்டாம். தொற்று இருந்தாலும், டியூப் போட்டிருந்தாலும், வெறும் வீக்கத்துக்கும் ஏறும். புரோஸ்டேட்டின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்க ஆசனவாய் வழியாக டாக்டர் விரல் விடுவார். அரை நிமிட வேலை. இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் அடுத்த தடவை வரவே மாட்டார்.

ஸ்கேனில் முக்கியமான எண், போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்பது. 50 மில்லிக்குள் இருந்தால் கவலையில்லை, 100ஐத் தாண்டினால் கவனிப்பார்கள், 300 என்றால் தேக்கம். இங்கே ஒரு சங்கதி. ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். வெடிக்கிற நிலையில் போனால் நல்ல பைகூட ஒழுங்காகக் காலியாகாது, மிச்சம் அதிகமாகக் காட்டும். சந்தேகம் வந்தால், "இன்னொரு தடவை நிதானமா போய்ட்டு வரேன், திரும்பப் பாருங்க" என்று கேட்பதில் தப்பில்லை. புரோஸ்டேட் எத்தனை கிராம் என்ற எண்ணைப் பார்த்து மிரளவும் வேண்டாம். இளவயதில் 20 கிராம் இருப்பது வயதானால் வளரத்தான் செய்கிறது. 60 கிராம்காரர் நிம்மதியாகத் தூங்குவார், 30 கிராம்காரர் விடிய விடிய நடப்பார். வளர்ந்தது எந்தப் பக்கம் நெரிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வேகத்தை அளக்க ஒரு புனல் மெஷினில் போகச் சொல்வார்கள். உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் நல்லது, 10க்குக் கீழே என்றால் அடைப்போ தளர்ச்சியோ இருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர் விஷயத்தில் அப்பா செய்வது நேர்மாறு. ஓட்டுநர் வேலையில் இடையில் இறங்க முடியாது என்று தண்ணீரைக் குறைத்துக் குறைத்துப் பழகியிருப்பார், அந்தப் பழக்கம் இப்போது கை கொடுக்கிறது என்று நினைக்கிறார். குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகும். கெட்டியான சிறுநீர் பையை உறுத்தும், உறுத்தினால் அவசரம் கூடும். மலச்சிக்கலும் வரும், மலக்குடல் நிறைந்து கிடந்தால் முன்னால் இருக்கிற பைக்கு இடம் குறையும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம், அதை விடிந்ததிலிருந்து சாயங்காலத்துக்குள் பிரித்துக் குடிக்கட்டும். (இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அவர்கள் டாக்டர் சொல்கிற அளவுதான்.) ஏழு மணிக்கு மேல் வாய் நனைக்கிற அளவு போதும். காபி, டீ இரண்டும் பையைத் தூண்டும். காலை காபியைப் பிடுங்க வேண்டாம், வீட்டில் சண்டை வரும். நாலு மணிக்கு மேலே உள்ளதை நிறுத்தினால் போதும். மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்தால், காலில் இருக்கிற நீர் பகலிலேயே வெளியேறிவிடும்.

பயிற்சிக்கு வருகிறேன். இதைப் பிரபலப்படுத்தியவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர். பிள்ளை பெற்ற பெண்களுக்காக 1948ல் அவர் எழுதியது, ஆண்களுக்குப் பின்னால் வந்தது. நம் யோகப் பயிற்சியில் மூலபந்தம் என்று ஒன்று உண்டே, இறுக்குகிற இடம் கிட்டத்தட்ட அதேதான். சொல்வது சுலபம், ஆனால் பத்தில் பாதிப் பேர் தப்பான தசையைத்தான் இறுக்குவார்கள் என்பது என் அனுபவம். பிட்டத்தை நெரிப்பார்கள், வயிற்றை உள்ளே இழுப்பார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவப்பார்கள். சரியான இடத்தைப் பிடிக்க, நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போல நினைத்து இறுக்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடையில்லாமல் நின்று பார்க்கட்டும். குறி அடியில் லேசாக உள்ளே போய், விதைப்பை சற்று மேலே எழும்பினால் அதுதான். பிட்டமும் தொடையும் அசையவே கூடாது.

முதலில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி முழுதாக விட வேண்டும். விடுவதும் பயிற்சியில் சேர்த்திதான், பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. இப்படிப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழகப் பத்து நொடிக்குக் கொண்டுபோகலாம், உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். ஒவ்வொரு வேளையின் கடைசியிலும் பத்துத் தடவை சட் சட்டென்று இறுக்கி விட வேண்டும், அது தும்மலுக்கும் அவசரத்துக்கும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம், பை முழுதாகக் காலியாகும் பழக்கமே கெட்டுப்போகும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் "அதெல்லாம் சும்மா" என்று சொல்கிறவர்கள். ஒன்று மறக்காதீர்கள், மேலே சொன்ன விசைத்தறிக்காரர் மாதிரி அடைப்பு இருந்தால் இந்தப் பயிற்சி எதையும் தீர்க்காது.

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது" என்பார்கள். முழுக்கச் சரியில்லை. அவசரம் என்பது அலை மாதிரி, எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். எல்லோரும் உச்சியில் ஓடுகிறார்கள், ஓடும்போதுதான் கொட்டுகிறது. முட்டிக்கொண்டு வந்ததும் அப்பா நிற்கட்டும், அல்லது உட்காரட்டும். ஐந்தாறு தடவை சட் சட்டென்று அந்தத் தசையை இறுக்கட்டும். அது இறுகினால் பைக்குச் சுருங்காதே என்று நரம்பு வழியாகத் தகவல் போகிறது. மனசை வேறெங்காவது திருப்பட்டும். அவர் ஓடிய ரூட்டில் உள்ள நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லட்டுமே! அரை நிமிடத்தில் அலை இறங்கும். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போகட்டும். கூடவே நேரம் வைத்துப் போவது. இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறார் என்றால், ஒரு வாரம் அதையே ஒழுங்காக்கி, அடுத்த வாரம் கால் மணி நேரம் தள்ள வேண்டும். இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி வந்துவிட்டால் பயணம் போகலாம். இதுவும் மிச்சம் தங்காதவர்களுக்குத்தான்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. அடைப்புக்கு டாம்சுலோசின் வகை, பையின் வாசலில் உள்ள தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே தெரியும். எழுந்ததும் தலை சுற்றலாம், அதனால் படுக்கும் முன் போடுவார்கள். கண்புரை அறுவை சிகிச்சை திட்டத்தில் இருந்தால் கண் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், அறுவையின்போது கண்மணி ஒழுங்காக விரியாமல் தொல்லை கொடுக்கும். ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு வகை சுரப்பியையே சுருக்கும், ஆறு மாதம் பொறுக்க வேண்டும். பிஎஸ்ஏ எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரக் கசிவுக்கு சோலிஃபெனாசின், டால்டெரோடின் போன்றவை. வாய் வறளும், மலம் கட்டும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வதால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கும் மசியாத அவசரக் கசிவுக்குப் பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி போடுவதும் உண்டு.

மாத்திரை கேட்காமல், திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டால் குறி வழியாகக் கருவியை விட்டுப் புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கிற அறுவை. வெளியில் வெட்டுக்காயம் இருக்காது. அதற்குப் பிறகு விந்து வெளியே வராமல் பைக்குள் போவது பலருக்கும் நடக்கும், ஆபத்தில்லை, முன்னாலேயே தெரிந்திருந்தால் நல்லது. புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுத்தவர்களுக்குக் கசிவு இருக்கத்தான் செய்யும். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் படிப்படியாகக் குறைந்துவிடும். வருடம் தாண்டியும் நிற்காதவர்களுக்குச் செயற்கை வால்வு இருக்கிறது. குழாயைச் சுற்றி ஒரு பட்டை, விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப், அமுக்கினால் திறக்கும். 1970களிலிருந்து இருக்கிறது, விலைதான் கையைச் சுடும்.

இப்போது டயப்பர். பயணத்துக்கும், சிகிச்சை பலன் தருகிற வரைக்கும் தாராளமாக. ஆண்களுக்கென்று உள்ளாடைக்குள் வைக்கிற சின்ன பேடும் கிடைக்கிறது. லேசான கசிவுக்கு அது போதும். நனைந்ததை மணிக்கணக்கில் வைத்திருந்தால், அதுவும் சர்க்கரைக்காரருக்கு, தொடை இடுக்கு வெந்துபோகும். உறை மாதிரி மாட்டி ஒரு பையில் இணைக்கிற காண்டம் கதீட்டரும் உண்டு, தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். மிச்சம் தங்குகிறவருக்கு இவை எதுவும் தீர்வில்லை. வெளியே காய்ந்திருக்கும், உள்ளே குளம் ஏறிக்கொண்டிருக்கும்.

காத்திருக்கக் கூடாதவை சில. சிறுநீரில் ரத்தம், வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை வந்தாலும், பீடி சிகரெட் பழக்கம் இருந்தவர் என்றால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். முட்டுகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அன்றைக்கே, அந்த மணியே. குளிர்க்காய்ச்சலோடு எரிச்சல். முதுகு வலியோடு காலில் பலம் குறைந்து, உட்காருகிற இடம் மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனால், அது தண்டுவடத்து நரம்பு நசுங்குவது, உடனே அவசரப் பிரிவு. இன்னொன்று அதிகம் பேர் கவனிக்காதது: நடை தேய்த்துத் தேய்த்துத் தடுமாறி, மறதியும் கூடி, சிறுநீரும் கசிந்தால், மூளையில் நீர் தேங்குகிற ஒரு நோயாக இருக்கலாம். சிலருக்கு ஒரு குழாய் வைத்தே சரி செய்துவிடுகிறார்கள். வயசு என்று மூலையில் உட்கார வைத்துவிடக் கூடாது.

அப்பாவைக் கிளப்புவது உங்கள் பொறுப்பு. மனைவி, மருமகள் எதிரில் இந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள். நனைந்த வேட்டியோடு சன்னதிக்கு எப்படிப் போவது என்று பலர் வாய்விட்டுச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். "ஒழுகுதுன்னு காட்டலாம்" என்று சொன்னால் வர மாட்டார். "ராத்திரி தூக்கமே இல்லையே, இருட்டுல விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது, ஒரு தடவை கேட்டுட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. டாக்டர் அறைக்குள் நீங்கள் கூடப் போக வேண்டாம். அந்த மூன்று நாள் தாளை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள், பாதியை அது பேசிவிடும்.

தை கல்யாணத்துக்குத் தாய்மாமன் போகத்தான் வேண்டும். பேருந்தை விட்டுவிட்டு ரயிலில் போங்கள், கழிவறை இருக்கிறது. கீழ் பெர்த், பெட்டியின் ஓரமாக. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை போகட்டும். அன்றைக்கு ஒரு பேட் வைத்துக்கொள்ளட்டும், கைப்பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, இரண்டு பிளாஸ்டிக் கவர். மண்டபத்துக்குப் போனதும் நீங்கள் முன்னால் போய்க் கழிவறை எந்தப் பக்கம், உள்ளே வெளிச்சம் இருக்கிறதா, பிடித்து எழுந்திருக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து வாருங்கள். தாய்மாமன் சீருக்கு எத்தனை மணிக்கு மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று அய்யரிடமோ சமையல்காரரிடமோ கேட்டு, அதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னால் அப்பாவின் காதில் மட்டும் சொல்லுங்கள், "அப்பா, இடது பக்கம், கை கழுவுற இடத்துக்குப் பின்னால."